சிறு கேரவனுக்கு ஒரு வெள்ளோட்டம்: தனியே இரண்டு இரவுகள் தங்கிப் பார்க்கும் முறை

புதுத் தேர் செய்து முடித்ததும், அதில் சுவாமியை எழுந்தருளச் செய்வதற்கு முன் வெறுந்தேரை வீதியில் ஒருமுறை இழுத்துப் பார்ப்பது நம் கோயில் வழக்கம். அச்சு முறுக்கிக்கொள்கிறதா, சக்கரம் ஒரு பக்கமாக இழுக்கிறதா, முட்டுக்கட்டை நின்று பிடிக்கிறதா என்பதையெல்லாம் அந்த ஓட்டத்திலேயே கண்டறிந்து சரிசெய்த பிறகுதான் உற்சவம் நடக்கும். காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சிறிய கேரவனை முதன்முதலாக வாங்குபவர்களும் இதே முறையைக் கைக்கொள்ள வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது. வண்டி வாங்கிய கையோடு, ஈஸ்டர் விடுமுறைக்கோ டிசம்பர் விடுமுறைக்கோ குடும்பத்தார் அனைவரையும் ஏற்றிக்கொண்டு இங்கே தென்னாப்பிரிக்காவின் டிராக்கென்ஸ்பர்க் மலைக்குக் கிளம்பி, முதல் இரவே மழை ஒழுகி, விளக்கு அணைந்து, பிள்ளைகள் காருக்குள் உறங்கிய கதைகளை நம்மவர் வீடுகளில் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தக் குறைகளில் பெரும்பாலானவை வீட்டுக்கு அருகிலேயே, ஒருவரே தங்கி, இரண்டே இரவுகளில் கண்டுபிடித்துவிடக் கூடியவை.

நான் குவாசுலு-நட்டால் மாநிலத்திலுள்ள பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வசிக்கிறேன். இருவர் படுக்கக்கூடிய பழைய கேரவன் ஒன்றை வாங்கி, ஒரு புரட்டாசி மாதத்தில் மிட்மார் அணைக்கரையில் இரண்டு இரவுகள் தனியே தங்கிப் பார்த்தேன். பின்வரும் குறிப்புகள் அந்தப் பயணத்திலிருந்தும், அதற்குப் பின் சென்ற பயணங்களிலிருந்தும் எழுதப்பட்டவை.

தனியே போகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உடன் ஒருவர் இருந்தால், பின்னால் நின்று கை காட்டுவது, ஒரு முனையைத் தூக்கிப் பிடிப்பது, மறந்த பொருளை ஓடிப்போய் எடுத்து வருவது போன்ற வேலைகளை அவர் செய்துவிடுவார். வண்டியில் எந்த வேலைக்கு இரண்டு ஆள் தேவை என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். தனியே செய்யும்போது ஒவ்வொரு பூட்டும், ஒவ்வொரு கம்பியும், ஒவ்வொரு தாழ்ப்பாளும் உங்கள் கை வழியாகவே போகிறது. அவசரப்படுத்த யாரும் இல்லாததால், பிழை செய்தால் கழற்றி மறுபடியும் செய்யப் பொறுமை இருக்கிறது.

இடமும் காலமும்

வெள்ளோட்டத்துக்கு அழகான இடம் தேவையில்லை. அருகிலுள்ள இடம் போதும். வீட்டிலிருந்து 30 முதல் 100 கிலோமீட்டருக்குள், தார்ச்சாலை வழியாகவே சென்று சேரக்கூடிய, வாயிற்காவல் உள்ள, மின் இணைப்பும் பொதுக் குளியலறையும் உள்ள முகாமைத் தேர்ந்தெடுங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் மேலேறினால் ஹோவிக் ஊருக்குப் பக்கத்தில் மிட்மார் அணை இருக்கிறது. கிரேடவுன் போகும் ஆர்33 சாலையில் ஆல்பர்ட் ஃபால்ஸ் அணை இருக்கிறது. டர்பன்வாசிகளுக்கு இனாண்டா அணை இன்னும் அருகில். மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், நேகல், இனாண்டா ஆகிய நான்கு அணைகளும் ஒரே உம்கெனி ஆற்றின் மேல் அடுத்தடுத்துக் கட்டப்பட்டவை. கரும்புத் தோட்டக் கூலி ஒப்பந்தம் முடிந்த நம் முன்னோரில் பலர் டர்பனுக்கு அருகே அந்த ஆற்றங்கரையில்தான் காய்கறி பயிரிட்டுப் பிழைத்தார்கள். மிட்மாரில் கேரவனை நிறுத்திவிட்டு நீரைப் பார்த்தபோது, அதே நீர்தான் கீழே அந்தத் தோட்டங்களுக்கும் போய்ச் சேர்ந்தது என்ற எண்ணம் எனக்கு நெடுநேரம் இருந்தது.

பள்ளி விடுமுறை நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். ஈஸ்டர் வாரத்தில் முகாம்கள் நிரம்பிவிடும். பிப்ரவரியில் மிட்மார் மைல் நீச்சல் போட்டி நடக்கும் வார இறுதியில் அணைப் பக்கம் நெரிசல் தாங்காது. ஞாயிறு பிற்பகலில் சென்று செவ்வாய் காலை திரும்புவது போன்ற வாரநடு நாட்களே சிறந்தவை. அப்போது அக்கம்பக்கத்து இடங்கள் காலியாக இருப்பதால், பின்னோக்கி ஓட்டிப் பழகத் தாராளமான இடம் கிடைக்கும். குவாசுலு-நட்டாலில் அக்டோபர் முதல் மார்ச் வரை பிற்பகல்களில் இடியுடன் மழை வருவது வழக்கம். ஜூன், ஜூலை மாதங்களில் உள்நாட்டு மேட்டுநிலமான மிட்லண்ட்ஸ் பகுதியில் இரவில் உறைபனி விழும். ஏப்ரல், மே மாதங்களும், செப்டம்பரும் இடைப்பட்ட காலங்கள். புரட்டாசியில் செல்வதால் எனக்கு இன்னொரு வசதியும் இருந்தது. விரத மாதமாதலால் இறைச்சியைக் குளிரில் வைத்துக் காக்க வேண்டிய கவலை இல்லை. குளிர்பெட்டி சரியாக வேலை செய்யாவிட்டாலும் பருப்பும் உருளைக்கிழங்கும் கெட்டுப்போகாது. ஆனால் ஆகஸ்ட், செப்டம்பரில் உள்நாட்டிலிருந்து அடிக்கும் வெப்பமான பெர்க் காற்றைப் பற்றி எச்சரிக்கை வேண்டும். அந்நாட்களில் புல் காய்ந்து கிடப்பதால் நெருப்பு எளிதில் பரவும், உயரமான கேரவனைப் பக்கவாட்டில் காற்று தள்ளும். காற்று முன்னறிவிப்பு கடுமையாக இருந்தால் பயணத்தை ஒரு வாரம் தள்ளிப்போடுவதில் எந்த இழப்பும் இல்லை.

எடையும் உரிமமும்

தென்னாப்பிரிக்காவில் கோட் பி எனும் சாதாரண கார் ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர், மொத்த எடை வரம்பு 750 கிலோவைத் தாண்டாத டிரெய்லரை மட்டுமே இழுக்கலாம். அதற்கு மேல் போனால் கோட் இபி உரிமம் வேண்டும். இங்கே கணக்கில் வருவது வண்டியின் அன்றைய எடை அன்று. எடைத் தகட்டில் பொறித்துள்ள மொத்த வரம்பே கணக்கில் வரும். காலியாக 500 கிலோ இருக்கும் கேரவனின் தகட்டில் 850 என்று இருந்தால், நீங்கள் ஒரு தலையணையைக் கூட ஏற்றாவிட்டாலும் கோட் பி போதாது. 750 கிலோவுக்கு உட்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லாவிட்டாலும் ஏற்கப்படும். ஆனால் அதன் மொத்த வரம்பு இழுக்கும் காரின் வெற்று எடையில் பாதியைத் தாண்டக் கூடாது. சிறிய கார் வைத்திருப்பவர்கள் இந்தப் பாதிக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். காரின் கையேட்டில், அந்தக் கார் எவ்வளவு எடையை இழுக்கலாம், டோ பாலின் (கேரவனை மாட்ட காரின் பின்னால் இருக்கும் உருண்டைக் கொக்கி) மீது எவ்வளவு எடை அழுத்தலாம் என்ற இரண்டு எண்களும் இருக்கும். அவற்றை ஒரு தாளில் எழுதிக் காரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். டிரெய்லருக்கும் தனியே பதிவும், ஆண்டுதோறும் புதுப்பிக்கும் உரிம வில்லையும் உண்டு. பழைய வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றும்போது சாலைத் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்திடமும் தெரிவித்து, உள்ளே இருக்கும் பொருட்கள் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

முன்பக்கம் டோ பால் மீது விழும் எடையை வீட்டிலேயே பார்க்கலாம். கேரவனைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, குளியலறை எடைக்கருவியின் மேல் ஒரு பலகையை வைத்து, அதன் மேல் ஒரு கட்டையை நிறுத்தி, காரில் மாட்டினால் எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்தில் கப்ளிங்கை (டோ பாலைக் கவ்வும் கேரவனின் முன்முனை) அக்கட்டையின் மேல் இறக்க வேண்டும். காட்டும் எண்ணிலிருந்து பலகை, கட்டையின் எடையைக் கழித்தால் வருவதுதான் முன்னெடை. பொருள் ஏற்றிய கேரவனின் எடையில் ஏறக்குறைய 5 முதல் 10 சதவீதம் வரை இருந்து, காரும் கொக்கியும் தாங்கும் வரம்புக்குள்ளும் இருந்தால் நல்லது. 600 கிலோ வண்டிக்கு 45 கிலோ என்றால் மனநிறைவு கொள்ளலாம். 15 கிலோ என்றால் பின்பக்கம் கனம் கூடிவிட்டது என்று பொருள், அந்த வண்டி நெடுஞ்சாலையில் வாலாட்டும். கனமான பொருட்களை அச்சுக்கு நேர்மேலே, தரையோடு தரையாக வையுங்கள். அரிசிப் பை, தண்ணீர் கேன், கருவிப் பெட்டி ஆகியவை அங்கேதான் இருக்க வேண்டும். முழு எடையைத் தெரிந்துகொள்ள, பழைய இரும்பு வாங்கும் கடைகளில் உள்ள எடைமேடைகள் உதவும்.

வீட்டு வாசலில் செய்ய வேண்டியவை

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள். முதல் வேலை, தோட்டத்துக் குழாயால் வண்டியின் மேல் அரை மணி நேரம் தண்ணீர் ஊற்றுவது. கூரைச் சன்னல், மூலைப் பட்டைகள், சன்னல் சட்டங்கள் ஆகிய இடங்களில் பொறுமையாக ஊற்றிவிட்டு, உள்ளே சென்று மெத்தைக்கு அடியிலும் அலமாரி மூலைகளிலும் கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம் விரல் நுனிக்குத் தெரியும். என் வண்டியை விற்றவர் ஒழுகாது என்று உறுதியாகச் சொன்னார். கூரைச் சன்னலின் ஒரு மூலையில் பழைய சீலன்ட் வெடித்திருந்ததைக் குழாய்த் தண்ணீர்தான் காட்டிக்கொடுத்தது. அதைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூச ஒரு பிற்பகல் போதுமாக இருந்தது. முகாமில் நள்ளிரவில் தெரிந்திருந்தால் மெத்தையே போயிருக்கும்.

டயர்களை அழுந்தப் பாருங்கள். கேரவன் டயர் தேய்ந்து சாவதில்லை; நின்றபடியே மூப்படைந்து சாகிறது. பக்கச் சுவரில் டிஓடி (DOT) எழுத்துகளுக்குப் பின் முடிவில் வரும் நான்கு இலக்கங்களே அதன் பிறந்த நாள்: 2318 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தால் மாற்றிவிடுங்கள். மாற்று டயரையும் மறக்காமல் பாருங்கள். அது பெரும்பாலும் எல்லாவற்றிலும் மூத்ததாக இருக்கும். காரின் ஸ்பேனர் கேரவனின் நட்டுக்குப் பொருந்துமா, காரின் ஜாக் கேரவனின் அச்சுக்கடியில் நுழையுமா என்பதை வாசலிலேயே ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி மாட்டித் தெரிந்துகொள்ளுங்கள். சக்கரம் தரையைத் தொடாமல் இருக்கும்போது கையால் சுற்றினால் ஓசையின்றிச் சுழல வேண்டும். உறுமல் கேட்டால் பேரிங்கைத் திறந்து கிரீஸ் வைக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

பின் விளக்குகளைத் தனி ஆளாகப் பார்ப்பது எளிது. இருட்டிய பிறகு சுவருக்கு முன்னால் வண்டியின் பின்பக்கம் வரும்படி நிறுத்திவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பிரேக்கை மிதித்து, பக்கக் கண்ணாடியில் சுவரில் விழும் சிவப்பொளியைப் பாருங்கள். இடம், வலம் காட்டும் விளக்குகளையும் அவ்வாறே பார்க்கலாம். சுவர் இல்லையென்றால் கைப்பேசியைத் தரையில் சாய்த்து வைத்துப் படம்பிடித்துப் பார்க்கலாம்.

எரிவாயு இணைப்புகளைச் சோதிக்கச் சோப்பு நீர் போதும். ரெகுலேட்டரும் குழாயும் சேரும் இடங்களில் பூசிவிட்டு உருளையைத் திறந்தால், கசிவு இருக்குமிடத்தில் குமிழி வரும். தீக்குச்சியைக் கொண்டு சோதிக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அதை ஒருபோதும் செய்யாதீர்கள். குழாய் வெடித்திருந்தாலோ விறைத்திருந்தாலோ புதியது வாங்குங்கள்.

இணைப்பதும் இழுப்பதும்

ஒருவரே காரைக் கப்ளிங்குக்கு நேராகக் கொண்டுவருவது முதல் நாளில் அரை மணி நேரம் எடுக்கும். அதற்காக மனம் தளர வேண்டாம். பின் கேமரா இல்லாத காரில், பின் கண்ணாடியின் நடுவில் ஒரு நாடா ஒட்டி, கேரவனின் முன்பக்க நடுவில் ஒரு நேரான குச்சியைக் கட்டிவிட்டால், உள் கண்ணாடியில் இரண்டும் ஒரே கோட்டில் வரும்படி பின்னால் வரலாம். கப்ளிங் 50 மில்லிமீட்டர் டோ பால் மீது இறங்கித் தாழ் விழுந்த பின்பும் அதை நம்பிவிடாதீர்கள். ஜாக்கி வீலை (கேரவனின் முன்முனையைத் தாங்கும் சிறு சக்கரம்) மீண்டும் கீழே இறக்கிக் கப்ளிங்கை மேல்நோக்கித் தூக்குங்கள்; காரின் பின்பக்கமும் சேர்ந்து எழுந்தால்தான் தாழ் உண்மையில் பிடித்திருக்கிறது. பிறகு பாதுகாப்புச் சங்கிலி அல்லது பிரேக்அவே கேபிள் (கேரவன் கழன்றால் அதன் பிரேக்கைப் பிடிக்கும் கம்பி), மின் பிளக், கை பிரேக்கை விடுவித்தல், ஜாக்கி வீலை முழுவதும் உயர்த்திப் பூட்டுதல், கடைசியாக முட்டுக்கட்டைகளை எடுத்தல் என இதே வரிசையில் ஒவ்வொரு முறையும் செய்யுங்கள். இடையில் யாராவது பேச்சுக் கொடுத்தால், பேசி முடித்தபின் முதலிலிருந்து தொடங்குங்கள். நான் ஒருமுறை பேச்சுக் கவனத்தில் ஜாக்கி வீலைப் பாதி உயர்த்தியபடியே புறப்பட்டு, வேகத்தடையில் அதை வளைத்துவிட்டேன்.

சாலையில் 80 முதல் 90 கிலோமீட்டர் வேகம் போதும். முன்செல்லும் வண்டிக்கும் உங்களுக்கும் இடையே வழக்கமாக விடும் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். கேரவன் காரைவிட அகலமாக இருந்தால் நீட்டிக்கும் பக்கக் கண்ணாடிகள் இல்லாமல் கிளம்பாதீர்கள். திருப்பங்களில் கேரவனின் சக்கரம் காரின் சக்கரத்தைவிட உட்பக்கமாக வருவதால், சந்திப்புகளில் சற்று முன்னே சென்று திரும்ப வேண்டும். இல்லையேல் நடைபாதை ஓரத்தில் ஏறிவிடும்.

கடற்கரையிலிருந்து வருபவர்களுக்கு என்3 சாலையே பெரிய தேர்வு. டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது. ஹோவிக் பகுதி 1,000 மீட்டருக்கு மேல். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின், ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வலிமையை இழக்கும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் ஹில்டனுக்கும் இடையேயான டவுன் ஹில் ஏற்றத்தில், பார லாரிகள் ஊர்ந்து செல்லும் இடது தடத்திலேயே பொறுமையாக, கியரை முன்கூட்டியே குறைத்துக்கொண்டு, எஞ்சின் வெப்பமானியில் ஒரு கண் வைத்து ஏறுங்கள். அங்கே மூடுபனி அடிக்கடி இறங்கும். இறங்கியிருந்தால் புறப்பாட்டைத் தள்ளிப்போடுங்கள். திரும்பும்போது அதே சரிவில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். சரிவு தொடங்குவதற்கு முன்பே குறைந்த கியருக்கு மாறி, எஞ்சின் பிடியிலேயே இறங்க வேண்டும்.

கேரவன் பக்கவாட்டில் ஆடத் தொடங்கினால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானே குறைய விடுவது. ஆட்டத்தை எதிர்த்து ஸ்டியரிங்கைத் திருப்புவதும், பிரேக்கை வேகமாக மிதிப்பதும், வேகத்தைக் கூட்டி நேராக்க முயல்வதும் ஆட்டத்தைப் பெரிதாக்கும். ஆட்டம் நின்றபின் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி, பொருட்களை முன்னே நகர்த்துங்கள், டயர் காற்றைப் பாருங்கள். ஒருமுறை ஆடிய வண்டி, காரணத்தைக் களையாவிட்டால் மறுபடியும் ஆடும்.

கிளம்பி 30 முதல் 50 கிலோமீட்டரில் முதல் நிறுத்தம். லாரிகள் நுழையும் பெரிய எரிபொருள் நிலையமாகப் பார்த்து நிறுத்தினால், பின்னோக்கி ஓட்டாமலே வெளியேறலாம். அங்கே சக்கர நட்டுகளை மீண்டும் முறுக்கிப் பாருங்கள். சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகில் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டை உணருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் இறுகியிருக்கிறது அல்லது கை பிரேக் விடுபடவில்லை. வழியில் பழுதாகி நிற்க நேர்ந்தால், எச்சரிக்கை முக்கோணத்தை 45 மீட்டருக்குக் குறையாத தூரத்தில் பின்னால் வைத்துவிட்டு, சாலையை விட்டு விலகி நில்லுங்கள்.

இடத்தில் நிறுத்துவது

பிற்பகல் மூன்று மணிக்குள் முகாமை அடைந்துவிட வேண்டும். முதலில் வண்டியை விட்டு இறங்கி, ஒதுக்கப்பட்ட இடத்தை நடந்து பாருங்கள்: மின்பெட்டி எங்கே, தாழ்வான கிளை உண்டா, மழை பெய்தால் நீர் எந்தப் பக்கம் ஓடும், ஈரத்தில் கார் வெளியேற முடியுமா என்பவை நடந்தால்தான் தெரியும்.

பின்னோக்கி ஓட்டும்போது கையை ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள். கேரவனின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமாகவே கையை நகர்த்தினால் போதும். தலைகீழ்க் கணக்குப் போட வேண்டியதில்லை. சிறிய கேரவன் எளிதாகத் திரும்பும் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் நீளம் குறையக் குறைய அது விரைவாக மடியும். ஆகவே ஸ்டியரிங்கை மிகச் சிறிதளவே அசைத்து, நடைவேகத்துக்கும் குறைவாக வர வேண்டும். கோணல் அதிகமானால் முன்னே இழுத்து நேராக்கிவிட்டு மறுபடி வாருங்கள். முகாமில் பழகிய பெரியவர்கள், ஆஃப்ரிக்கான்ஸ் பேசும் ஊம் (மாமா) ஒருவரோ டானி (அத்தை) ஒருவரோ, தாமே வந்து கை காட்டுவார்கள். அவர்களது அன்பை மறுக்க வேண்டாம். ஆனால் நன்றி சொல்லிவிட்டு, இது என் பயிற்சிப் பயணம், ஒருமுறை தனியே முயன்று பார்க்கிறேன் என்று சொல்லலாம். நான் அப்படிச் சொன்னபோது அந்தப் பெரியவர் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, நான் ஏழாவது முயற்சியில் நேராக நிறுத்தும்வரை பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கைதட்டினார்.

நிறுத்திய பிறகு வரிசை முக்கியம். முதலில் இடமும் வலமும் சமமாக வேண்டும். ரசமட்டத்தை உள்ளே குறுக்காக வைத்துப் பார்த்து, தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தை ஒரு பலகையின் மேல் ஏற்றுங்கள். இதைக் காரோடு இணைந்திருக்கும்போதே செய்தாக வேண்டும். அடுத்து கை பிரேக்கும், இரு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டைகளும். அதன் பிறகே கப்ளிங்கைக் கழற்றலாம். முட்டுக்கட்டை வைக்காமல் கழற்றிய கேரவன் சரிவில் உருண்டால் அதை ஒரு மனிதர் பிடித்து நிறுத்த முடியாது. தனி ஆளுக்கு இதைவிட ஆபத்தான கணம் இந்தப் பயணத்தில் வேறில்லை. கழற்றியபின் ஜாக்கி வீலைச் சுற்றி முன்பின் மட்டம் பாருங்கள். இறுதியில் நான்கு மூலைக் கால்களை இறக்குங்கள். அவை ஆட்டத்தைத் தடுப்பதற்கு மட்டுமே. வண்டியைத் தூக்குவதற்கு அவற்றைப் பயன்படுத்தினால் கால் வளையும், தரைச்சட்டமும் முறுக்கிக்கொள்ளும்.

முதல் இரவு: மின்சாரத்தோடு

முகாம்களில் இருப்பது நீல நிற மூன்றுமுனைத் தொழிற்பிளக். அதற்கான கம்பிவடத்தைச் சுருளிலிருந்து முழுவதும் பிரித்துப் பயன்படுத்துங்கள்; சுருட்டியபடியே சுமை ஏற்றினால் சூடாகி உருகும். கேரவனின் கசிவு மின் தடுப்பானில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தி, அது விழுகிறதா என்று பாருங்கள். 2,000 வாட் கெட்டில் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். அதே அளவுள்ள ஹீட்டரையும் சேர்த்துப் போட்டால் 16 ஆம்பியர் தாண்டி மின்சாரம் துண்டிக்கப்படும். லோட்ஷெடிங் எனும் சுழற்சி மின்வெட்டு வந்தால் உடனே பிளக்கை எடுத்துவிட்டு, மின்சாரம் திரும்பிச் சில நிமிடங்கள் கழித்து மாட்டுங்கள். திரும்பும் கணத்தில் எழும் ஏற்றம் மின்கல மின்னேற்றியைக் கெடுத்துவிடும்.

சமையலை எளிதாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு முழு வேளைச் சமையலாவது செய்துபாருங்கள். நான் முந்தின நாள் ஊறவைத்த சுகர் பீன்ஸைக் கறியாக வைத்து, ரொட்டி சுட்டேன். மாவு பிசைய இடம் இல்லை என்பதும், எண்ணெய்ப் புட்டி வைக்கும் அலமாரிக் கதவு அடுப்பின் மேல் திறக்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தன. வெளியே கேடாக் எனும் சிறு எரிவாயு அடுப்பில் சமைப்பதே மணத்துக்கும் ஈரத்துக்கும் நல்லது. பிராய் (வெளியில் கரி நெருப்பில் சுடுவது) செய்வதானால் முகாம் கட்டிவைத்துள்ள இடத்தில் மட்டும் செய்து, நீர் ஊற்றி அணைத்துவிட்டுப் படுங்கள். எவ்வளவு குளிராக இருந்தாலும் கரி நெருப்பைக் கேரவனுக்குள் கொண்டுவரவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் இல்லை. உறங்குபவர் விழிப்பதே இல்லை. எரிவாயு அடுப்பையும் அறையைச் சூடாக்கப் பயன்படுத்தாதீர்கள். படுக்குமுன் உருளையின் வாயை மூடிவிடுங்கள்.

ஒருவர் மூச்சே சிறு கேரவனின் சன்னல்களை விடியலில் நனைத்துவிடும். கூரைச் சன்னலை ஒரு விரல் அளவு திறந்தும், எதிர்ப்பக்கம் கீழே ஒரு துளை வழியும் காற்று ஓடவிட்டால் ஈரம் குறையும். உணவை மூடிய பெட்டியில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். இம்மாநில முகாம்களில் வெர்வெட் குரங்குகள், நீங்கள் குழாயடிக்குப் போய்வரும் நேரத்துக்குள் ரொட்டிப் பொட்டலத்தை எடுத்துச் சென்றுவிடும். உயரமான புல்லில் நடந்தால் மாலையில் உடலில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாம் இரவு: மின்சாரம் இல்லாமல்

இந்த இரவுதான் வெள்ளோட்டத்தின் உயிர். காலையில் கம்பிவடத்தைக் கழற்றிவிட்டு, அடுத்த நாள் காலைவரை கேரவனின் மின்கலத்தில் மட்டும் வாழுங்கள். 100 ஆம்பியர்-மணி ஈயமின்கலத்தில் பாதியைத்தான் அதன் ஆயுள் குறையாமல் எடுக்க முடியும், அதாவது 50. சிறிய கம்ப்ரசர் குளிர்பெட்டி ஒரு நாளில் 25 முதல் 40 வரை எடுத்துக்கொள்ளலாம். எல்ஈடி விளக்குகளுக்கும் கைப்பேசிக்கும் ஐந்தாறு போதும். ஆகவே ஒரு நாள் ஓடும், இரண்டாம் நாள் ஓடாது என்பது தாளில் தெரியும் கணக்கு. உங்கள் மின்கலம் பழையதாக இருந்தால் ஒரு நாளே ஓடாது. மாலை ஆறு மணிக்கும், படுக்குமுன்னும், விடியலிலும் மின்னழுத்தத்தை எழுதிவையுங்கள். குளிர்பெட்டியைச் சற்று நேரம் அணைத்துவிட்டு அளக்கும்போது 12.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் பாதிக்கு மேல் செலவாகிவிட்டது. என் மின்கலம் அதிகாலை மூன்று மணிக்கே குளிர்பெட்டியை நிறுத்திவிட்டது. புதிய மின்கலமும் 100 வாட் சூரியத் தகடும் வாங்க வேண்டும் என்று நான் முடிவு செய்தது அந்த நேரத்தில்தான்.

தண்ணீரையும் இதே நாளில் அளந்துவிடலாம். 25 லிட்டர் கேன் ஒன்றை நிரப்பி, குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ அதை மட்டுமே பயன்படுத்தி, எவ்வளவு தீர்கிறது என்று பாருங்கள். எனக்கு ஒரு நாளைக்கு 9 லிட்டர் ஆனது. இதை நான்கு பேருக்குப் பெருக்கினால், குடும்பத்தோடு போகும்போது எத்தனை கேன், அதனால் எத்தனை கிலோ கூடும் என்பது விளங்கும்.

தனியே இருப்பவரின் பாதுகாப்பு

வீட்டில் ஒருவரிடம் முகாமின் பெயர், இட எண், போகும் வழி, திரும்பும் நேரம் ஆகியவற்றை எழுதிக் கொடுத்துவிட்டு, காலையும் இரவும் பேசும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் என் அக்காவிடம் சொல்லியிருந்தேன். இரவு எட்டரைக்கு அழைப்பு வரவில்லையென்றால் முகாம் அலுவலகத்துக்குப் பேசுவதாக ஏற்பாடு. நெடுஞ்சாலை ஓரங்களில் இரவு தங்காதீர்கள். கப்ளிங்குக்கு ஒரு பூட்டு, சக்கரத்துக்கு ஒரு பூட்டு வாங்குங்கள். காரை வெளியே செல்லும் திசை நோக்கி நிறுத்தி, சாவியை எப்போதும் ஒரே இடத்தில் மாட்டிவையுங்கள். உடல் நலமில்லாமல் போனால் கேரவனை அங்கேயே விட்டுவிட்டுக் காரில் மட்டும் கிளம்ப அது உதவும். கைப்பேசியிலிருந்து அவசர உதவிக்கு 112, காவல்துறைக்கு 10111, ஆம்புலன்ஸுக்கு 10177.

திரும்பும் நாளும் குறிப்பேடும்

மூன்றாம் நாள் காலையில் செய்வது, வந்த அன்று செய்ததன் நேர்த் தலைகீழ் வரிசை. உள்ளே இருந்து வெளியே வாருங்கள்: எரிவாயு மூடியதா, அலமாரித் தாழ்கள் விழுந்தனவா, கூரைச் சன்னல் அடைத்ததா, மூலைக் கால்கள் நான்கும் ஏறினவா, கம்பிவடம் உள்ளே வந்ததா. பிறகு கேரவனை வலமாக ஒருமுறை, இடமாக ஒருமுறை முழுவதும் சுற்றி வாருங்கள். முதல் சுற்றில் கண்ணுக்குத் தப்பியது எதிர்த்திசையில் வரும்போது தென்படுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். காரை இணைத்துப் பத்து மீட்டர் முன்னே இழுத்து நிறுத்தி, இறங்கிச் சென்று காலி இடத்தைப் பாருங்கள். மட்டப் பலகை புல்லில் கிடக்கும்.

பயணம் முழுவதும் ஒரு சிறு குறிப்பேடு சட்டைப் பையிலேயே இருக்கட்டும். எரிச்சல் வந்த அந்தக் கணத்திலேயே எழுதிவிட வேண்டும், மாலையில் எழுதலாம் என்று விட்டால் பாதி மறந்துவிடும். எழுதியவற்றை வீடு திரும்பியதும் மூன்றாகப் பிரியுங்கள்: அடுத்த பயணத்துக்கு முன் சரிசெய்தே ஆக வேண்டியவை, வாங்க வேண்டியவை, எடுத்துச் சென்றும் தொடாத பொருட்கள். மூன்றாவது பட்டியலே நீளமாக இருக்கும். என் பட்டியலில் இரும்புத் தோசைக்கல், இரண்டாவது மேசை, நான்கு போர்வைகள் என 31 கிலோ சேர்ந்தது. அவற்றை இறக்கிவிட்டு மீண்டும் எடைக்கருவியில் கப்ளிங்கை வைத்துப் பாருங்கள், முன்னெடை மாறியிருக்கும். மெத்தையை வெயிலில் போட்டு, சன்னல்களைத் திறந்து ஒரு நாள் காயவிட்டு, மின்கலத்தை முழுவதும் மின்னேற்றி வையுங்கள்.

முதல் பட்டியலில் உள்ளவை எல்லாம் சரிசெய்து கோடிட்டு அடிக்கப்பட்ட பிறகு, அதே முகாமுக்கு ஒரே ஒரு இரவு, இம்முறை வீட்டார் ஒருவரை மட்டும் அழைத்துச் செல்லுங்கள். ஆனால் இணைப்பதையும் நிறுத்துவதையும் அவர் செய்ய, நீங்கள் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருங்கள்.